ஏட்டில் ஏறிய பெயர்: புசல்லாவை மலைப்புறத்தில் எழுத்தும் எழுத்தறிவும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாக வைத்துப் போற்றுவது தமிழர் மரபு. நீதிநூலாசிரியர் பலரும் இவ்வுவமையைக் கையாண்டுள்ளனர். ஆயின், கண் தன்னை உடையாரைக் காப்பது போல எழுத்தும் தன்னை உடையாரையே காக்கும். எழுத்தில்லாதாரை உடையார் தாம் விரும்பியவாறு நடத்துவதற்கும் அதுவே கருவியாகும். இவ்விரண்டாவது உண்மை அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. அதனை அறிய விரும்புவார்க்குக் கண்டிச் சீமையின் தோட்டங்கள், சிறப்பாகக் கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருவழியில் அமைந்த புசல்லாவையைச் சூழ்ந்த மலைப்புறம், தெளிவான சான்று தருவனவாம். இங்கு எழுத்து மக்களை ஆளும் பொருட்டே முதலில் வந்தது. அவ்வெழுத்தை அம்மக்கள் தம் கைக்குக் கொண்டுவர நூறாண்டுக்கு மேல் சென்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டங்கள் தோன்றுமுன் இம்மலைநாடு எழுத்தறியாக் காடாகக் கிடந்தது என்று எண்ணுதல் பெருந்தவறு. கம்பளை அரசு சிறந்திருந்த 14ஆம் நூற்றாண்டில், உடுநுவரையிலுள்ள லங்காதிலக விகாரையின் பாறையிலே சிங்களத்திலும் தமிழிலும் சாசனங்கள் பொறிக்கப்பட்டன. ஒரே அறச்செயலை இரு மொழியாரும் படித்தறிய வேண்டும் என்று அக்காலத்து ஆட்சியாளர் கருதினர் என்பதற்கு அப்பாறையே கரி. 1660 முதல் 1679 வரை கண்டி அரசிற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், இந்நாட்டார் நிலத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதையும் தாளிப்பனை ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதுவதையும் 1681இல் வெளிவந்த தம் நூலிற் குறித்துள்ளார். தமிழகத்துத் திண்ணைப் பள்ளியில் மணலிலே அரிவரி எழுதிய சிறுவனுக்கும் கண்டிக் கிராமத்துச் சிறுவனுக்கும் இவ்வகையில் வேறுபாடில்லை. எனவே எழுத்து இம்மண்ணுக்குப் புதியதன்று. புதியது அதன் பயன்பாடே.

1815ஆம் ஆண்டு கண்டி அரசு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1820களின் நடுவிற் கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் கோப்பித் தோட்டம் அமைத்தார். தொடர்ந்து வந்த ஆண்டுகளில் காடுகள் அழிந்து கோப்பி பரந்தது. புசல்லாவையிலே வேர்ம்ஸ் சகோதரர் திறந்த ரொத்சைல்ட் தோட்டம் அக்காலத்திற் பெயர்பெற்றது. 1841இல் சீனத்திலிருந்து தேயிலைக் கன்றுகளைக் கொணர்ந்து அங்கு நட்டுப் பார்த்தனர் என்பதும் அதன் வரலாற்றுச் சிறப்பு. இத்தோட்டங்களில் உழைக்கத் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் வந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் நிலமற்ற உழவுத் தொழிலாளர். பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரிலிருந்த திண்ணைப் பள்ளியின் திண்ணை அவர்க்கு மறுக்கப்பட்டிருந்தது.

ஈண்டு ஓர் ஒப்புமை காண்பது பயனுடைத்து. வட அமெரிக்காவின் செரோக்கி இனத்தவர்க்கு முன்பு எழுத்தென ஒன்றில்லை. ஆங்கிலம் படித்தறியாத செக்கோயா என்னும் செரோக்கியர், வெள்ளையர் கையிலிருந்த தாளின் வலிமையைக் கண்டு, தம் மொழிக்கு எண்பதுக்கு மேற்பட்ட அசையெழுத்துக்களைத் தாமே வகுத்து 1821இல் நிறைவேற்றினார். ஏழாண்டுகளில், 1828இல், அவ்வெழுத்திற் செய்தித்தாள் ஒன்று வெளிவந்தது. மலைநாட்டுத் தமிழர் நிலை இதற்கு நேர்மாறானது. அவர்தம் மொழிக்கு ஈராயிரம் ஆண்டு எழுத்து மரபுண்டு. செரோக்கியர் எழுத்தைப் படைக்க வேண்டியிருந்தது. இவர்களோ தம் முன்னோர் மொழியின் எழுத்தை அணுகும் உரிமையைப் பெறவேண்டியிருந்தது. படைப்பதிலும் பெறுவது கடினமாயிற்று என்பதே வியப்பு.

தோட்டத்தில் ஆளப்பட்ட எழுத்து யாது? முதலாவது செக்ரோல் எனப்படும் பெயரேடு. புலருமுன் பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவர். கங்காணியும் கணக்கப்பிள்ளையும் ஆள் எண்ணி வேலை பிரிப்பர். மாலையில் அன்றைய வேலை ஆங்கிலத்தில் ஏட்டிற் பதியப்படும். தோட்டத்து வழக்கிற் 'பேர்' என்னும் சொல் ஒரு நாட் கூலியைக் குறிப்பதாயிற்று. முழு வேலைக்கு முழுப்பேர்; குறைந்தால் அரைப்பேர்; தவறு கண்டாற் பேர் வெட்டுதல். ஒருவனுடைய பெயரும் அவனுடைய உணவும் ஒரே சொல்லில் அடங்கிய நிலை இது. அப்பெயரை எழுதும் கோலோ பிறர் கையில் இருந்தது. தன் பேர் முழுதாக விழுந்ததா, பாதியாக விழுந்ததா என்று பார்த்தறியும் ஆற்றல் உழைத்தவனுக்கு இருக்கவில்லை. கேட்டறிதல் ஒன்றே அவனுக்கு இருந்த வழி.

இவ்வேட்டின் வலிமை கூலிக் கணக்கோடு நிற்கவில்லை. 1889ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, தோட்டப் பதிவேட்டிற் பெயர் ஏறப்பெற்று, அரிசியையோ பணத்தையோ முற்பணமாகப் பெற்ற தொழிலாளி, மாத ஒப்பந்தம் செய்தவனாகவே கொள்ளப்பட்டான். அவன் எதிலும் ஒப்பமிட வேண்டியதில்லை. பிறர் அவன் பெயரை எழுதியதே அவன் சம்மதமாகக் கருதப்பட்டது. பின் முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டு நீங்குதல் தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

இரண்டாவது துண்டு. தொழிலாளர் கங்காணியின் வழியே தோட்டத்துக்குக் கடன்பட்டிருந்தனர். பயணச் செலவு, அரிசி, திருமணம், சாவு என வளர்ந்த அக்கடனைத் தீர்த்தால் இன்ன ஆட்களை விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் சிறு தாளே துண்டு எனப்பட்டது. அதனைக் கங்காணி வேறொரு தோட்டத்துக்குக் கொண்டு செல்வான். புதிய துரை பணம் கொடுப்பார். பழைய கடன் தீரும். புதிய கடன் தொடங்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் தொகை பெருகுவதுண்டு. கடன் பட்டவனாகத் துண்டிற் குறிக்கப்பட்டவனோ அத்தாளைப் படித்ததில்லை. அப்பணத்தைக் கண்ணாற் கண்டதும் அரிது. உள்ளங்கையளவான தாள் ஒன்று குடும்பங்களை மலைவிட்டு மலை மாற்றியது. பல்லாண்டு விவாதத்தின் பின் 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

மூன்றாவது தகரம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து அழைத்துவரப்படும் ஒவ்வொருவர்க்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகரத் துண்டு ஒன்று அளிக்கப்பட்டது. எம்மாவட்டம், எத்தோட்டம், எத்தனையாவது ஆள் என்பனவற்றை அது குறித்தது. புகைவண்டியிலும் கப்பலிலும் அதனைக் கண்ட அலுவலர் அவரை உரிய தோட்டத்துக்கு அனுப்பினர். தாம் எங்குச் செல்கின்றார் என்பதை அணிந்தவர் அறியாவிடினும், அவர் அணிந்த தகரம் அறிந்திருந்தது. வேலையினின்று நீக்கும்பொழுது கொடுக்கப்பட்ட பற்றுச்சீட்டையும் இவற்றோடு சேர்த்தெண்ணுக. வருகையும் உழைப்பும் இடமாற்றமும் வெளியேற்றமும் ஆகிய அனைத்தும் எழுத்தால் நடந்தன. அவ்வெழுத்துக்களில் ஒன்றேனும் அவர்கள் எழுதியதன்று.

மறுபுறத்தில், தோட்டத்து ஆட்சிமொழி ஆங்கிலமாயினும் ஏவல்மொழி தமிழாகவே இருந்தது. புதிதாக வந்த சின்னத்துரைமார் தமிழ் பேசப் பழகும் பொருட்டு 'இங்கே வா' என்னும் தலைப்புடைய கைந்நூல் கொழும்பில் அச்சிடப்பட்டது. தமிழெழுத்தை அறியாமலே படிக்கத்தக்கதாகத் தமிழ்ச் சொற்கள் அதில் ஆங்கில எழுத்திற் பெயர்த்தெழுதப்பட்டிருந்தன. அதன் தலைப்பே ஒரு கட்டளை. எழுத்தைக் கல்லாது ஏவலை மட்டும் கற்ற துரையும், எழுத்தைக் கல்லாது ஏவலை மட்டும் கேட்ட தொழிலாளியும் ஒருவர் எதிரில் ஒருவராய்ப் பிரட்டுக்களத்தில் நின்றனர். இருவர் நடுவே நின்று இருமொழியும் எழுதத் தெரிந்த கணக்கப்பிள்ளைக்கும் கிளாக்கருக்கும் உண்டாகிய அதிகாரம் இதனால் விளங்கும்.

எழுத்தறிவு குன்றியிருந்தமையால் இம்மக்கள் அறிவும் நினைவும் குன்றியிருந்தனர் என்று கருதலாகாது. கடல் கடந்த துயரமும் கங்காணியின் கொடுமையும் பிள்ளைத் தாலாட்டும் பாட்டாக நின்றன. மடக்கும்புர தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அப்பாடல்களைத் தேடித் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கினார். காமன்கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துக்கள் ஆண்டுதோறும் ஆடப்பெற்றன. அவற்றின் பாடல்களைக் கொப்பிகளில் எழுதி வைத்து, கிழிந்த வழி மீண்டும் பெயர்த்தெழுதிக் காத்தனர். இரவில் லயத்து வாசலிலே எழுத்தறிந்த ஒருவர் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை இராகத்தோடு படிக்க ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்பர். ஒருவர் கண் பலர்க்குப் பயன்பட்டது. ஊருக்குக் கடிதம் எழுதுதலும் இவ்வாறே. மனைவி சொல்ல வாத்தியார் எழுதுவார். ஊரில் வேறொருவர் படித்துக் காட்டுவார். கணவனுக்கும் மனைவிக்கும் இடையே இரு வேற்றார் செவிகள் இருந்தன. சொல்லக் கூசியவை எழுதப்படாமலே நின்றன. எழுத்தறிவு என்பது தொழிலுக்கு வேண்டிய கருவி மட்டுமன்று, மனத்தின் மறைவிடமுமாம் என்பதை இதனால் உணரலாம்.

கண்டியைச் சூழ்ந்த தமிழ் எழுத்துலகமும் அக்காலத்தில் உறங்கவில்லை. 1869இல் ஆபிரகாம் ஜோசேப்பு என்பார் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்தது. தோட்டத் தொழிலைத் துரைமார் பக்கம் நின்று புகழ்ந்த அந்நூல் அச்சான ஆண்டிலேயே, கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையிற் காணப்பட்டது. கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை (1838–1898) 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழிதழைத் தொடங்கினார். அவர் 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகப் போற்றப்படுகின்றது. இப்பகுதி முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்திலும் எழுதினர். அரபுத்தமிழ் எனப்படும் அம்முறையிற் பெண்களும் சமயநூல் கற்றனர். தெல்தோட்டையை அடுத்த போப்பிட்டியைச் சேர்ந்த அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவர் கோப்பி மலைகளின் நடுவிலிருந்தே செந்தமிழ்ப் பிரபந்தங்கள் பல பாடினார். இவையெல்லாம் தோட்டங்களுக்குச் சில கல் தொலைவில் நிகழ்ந்தன. ஆயினும் லயத்துக்கும் அச்சகத்துக்கும் இடையே இருந்த தூரம் கல்லால் அளக்கத்தக்கதன்று.

அத்தூரத்தைக் குறைக்க வேண்டியது பள்ளிக்கூடம். 1854இல் திருச்சபைத் தூதுச் சங்கத்தார் கண்டியை நடுவாகக் கொண்டு 'தமிழ்க் கூலி மிஷன்' என்னும் அமைப்பை நிறுவி, திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரை வரவழைத்தனர். தோட்டங்களில் முதலில் தோன்றிய ஒழுங்கான பள்ளிகள் பலவும் இவர்தம் முயற்சியே. கங்காணிமார் சிலரும் தத்தம் லயங்களிற் சிறு பள்ளிகள் நடத்துவித்தனர். 1907ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டத்தில் வாழும் 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்வது துரையின் கடமை என்றது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அக்கடமையை வலியுறுத்தியது.

சட்டம் ஏட்டில் இருந்தது. பள்ளி பெரும்பாலும் ஓரறையில் இருந்தது. ஐந்து வகுப்புக்கு ஓராசிரியர். தோட்டத்து வாத்தியார் எனப்பட்ட அவர் கடிதம் எழுதுவார், மனு எழுதுவார், திருவிழாவிற் பாடுவார், சில தோட்டங்களிற் கணக்கு வேலையும் பார்ப்பார். பத்து வயதான பிள்ளை தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தாங்கத் தக்கதாயிற்று என்றால், பள்ளியினும் மலையே அதனை வலிந்தழைத்தது. பெண்பிள்ளைகள் தம்பி தங்கையரைப் பார்க்க வீட்டில் நிறுத்தப்பட்டனர். படித்தவன் மண்வெட்டி பிடிக்கான் என்னும் அச்சம் துரைமார் பலர்க்கிருந்தது. அவ்வச்சம் பிழையானதன்று, எழுதக் கற்றவன் ஏட்டைக் கேட்பான் என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர்.

அக்கேள்வியை ஊரறியக் கேட்டவர் கோ. நடேசையர். தஞ்சை மாவட்டத்தினரான அவர் 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' ஆகிய இதழ்களின் வாயிலாகத் தோட்டத் துயரை அச்சேற்றினார். 1931இல் அட்டனை நடுவாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் துயரத்தைப் பாட்டாக்கிச் சிறுநூலாக வெளியிட்டதோடு கூட்டங்களில் தாமே பாடினார். அச்சிட்ட தாளை ஒருவர் படிக்கப் பலர் கேட்ட பழைய வழக்கம் இப்பொழுது புதிய பணி செய்தது. இராமன் கதை கேட்ட லயத்து வாசல் செய்தியும் கேட்கலாயிற்று. எழுத்து முதன்முறையாகக் கீழிருந்து மேல்நோக்கிப் பேசத் தொடங்கிய காலம் இது.

அரசியல் உரிமைக்கும் எழுத்தறிவே வாயிற்காவலாக நின்றது. 1924ஆம் ஆண்டு அரசியலமைப்பிற் சட்டநிரூபண சபைக்கு வாக்களிக்க எழுத்தறிவும் வருமானத் தகுதியும் வேண்டப்பட்டன. 1931இல் டொனமூர் அரசியலமைப்பு அனைவர்க்கும் வாக்குரிமை தந்தபொழுதும், இந்திய வம்சாவளியினர் நிலையான குடியிருப்பையோ, எழுத்தறிவும் உடைமையும் சேர்ந்த தகுதியையோ நிறுவ வேண்டியிருந்தது. பள்ளியைக் கொடாத நாடு பள்ளியின் பயனைத் தகுதியாகக் கேட்டது.

ஆயினும் எழுத்தின் கொடிய சோதனை சுதந்திரத்தின் பின்னரே வந்தது. 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், வம்சாவளிக் குடியுரிமை கோருவார் தம் தந்தையார் இலங்கையிற் பிறந்தமை முதலியவற்றை நிறுவ வேண்டும் என்றது. 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் சட்டமோ, 1946ஆம் ஆண்டு தொடக்கத்துக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. பேரனார் காலத்திற் பிறப்புச் சான்று பெற்றார் எத்துணையர்? எந்தச் செக்ரோல் முன்பு ஆளைக் கட்டிப்போட்டதோ அதே செக்ரோல் இப்பொழுது அவன் இங்கு வாழ்ந்தமைக்குச் சாட்சியாக வேண்டியதாயிற்று. கருப்பையா என்னும் பெயரை ஆங்கிலத்திற் பலவாறாக எழுதலாம். ஓர் ஏட்டில் ஒருவாறும் மற்றோர் ஏட்டில் வேறொருவாறும் இருந்தால், அவ்வேறுபாடே ஒருவரை இருவராக்கிவிடும். எழுதியவர் கிளாக்கர், விடை கூற வேண்டியவர் தொழிலாளி. ஏறத்தாழ 8,24,000 பேரை உள்ளடக்கி ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. கைநாட்டு வைத்த தாள்களின் பேரில் உறவுகள் கடலின் இரு கரையிலும் பிரிந்தன. நாடற்றோர் என்னும் நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீடித்தது.

கல்வியின் வாயில் இதற்கிடையே மெல்லத் திறந்தது. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பள்ளிகளை உடன் எட்டவில்லை. 1947ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தும், பெரும்பாலான தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். 1980களிற் சுவீடன் நாட்டு உதவியாற் கட்டடங்கள் எழுந்தன. மலையக இளைஞர் பலர் ஆசிரியராயினர். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி நிறுவப்பட்டது. 1981ஆம் ஆண்டிலும் நாடு முழுவதன் எழுத்தறிவு நூற்றுக்கு 87 அளவில் இருக்க, தோட்டப்புறத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரே எழுத்தறிந்திருந்தனர். அவ்விடைவெளி பின்னர்ப் பெரிதும் குறுகியுள்ளது. லயத்திற் பிறந்தோர் பேராசிரியராகவும் மருத்துவராகவும் எழுத்தாளராகவும் விளங்குகின்றனர். எனினும் புதிய வேறுபாடொன்று தோன்றியது. 1956இல் சிங்களம் தனி ஆட்சிமொழியானமையால், தமிழ் கற்ற தோட்டப் பிள்ளையும் அரச அலுவலகத்துத் தாளின் முன் தன் பாட்டனைப் போலவே நின்றான். 1987இல் தமிழும் ஆட்சிமொழியாக்கப்பட்டமை இக்குறைக்குச் சட்டம் தந்த விடை. அது நடைமுறையில் நிறைவெய்த, லங்காதிலகப் பாறையில் இரு மொழியும் ஒருங்கே நின்ற பழைய நெறி மீண்டும் நினைக்கப்படல் வேண்டும்.

இவ்வரலாற்றால் ஓருண்மை புலனாகின்றது. ஒரு மக்களுக்கு எழுத்து உண்டா என்று வினவினால் மட்டும் போதாது. அவர்களைப் பற்றிய எழுத்தை எழுதுவார் யார், அதனைப் படித்துத் திருத்த அவர்களால் இயலுமா என்றும் வினவல் வேண்டும். தகரத்தை அணிந்த தலைமுறை, கைநாட்டு வைத்தது, அதன் பிள்ளைகள் ஒப்பமிட்டனர், பேரர் எழுதுகின்றனர். ஆயின் அவர்கள் எழுத வேண்டிய வரலாற்றுக்குரிய சான்றுகள் வேகமாக மறைகின்றன. பழைய செக்ரோல்களும் பற்றுச்சீட்டுக்களும் கூத்துக் கொப்பிகளும் ஊரிலிருந்து வந்த கடிதங்களும் பல தோட்டத்துக் களஞ்சிய அறைகளிலும் காம்பராக்களின் தகரப் பெட்டிகளிலும் கிடந்து செல்லரிக்கின்றன. ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் ஒன்றுகூடி, ஒவ்வொரு தோட்டத்திலும் எஞ்சியவற்றைத் தேடிக் கல்லூரி நூலகத்திற் சேர்ப்பராயின் அது பேருதவியாகும். பாட்டனாரின் பெயர் எவ்வேட்டில் எவ்வாறு எழுதப்பட்டது என்பதைப் பேரப்பிள்ளை தன் கண்ணாற் படித்தறியும் நாளிலேயே, இம்மலைப்புறத்து எழுத்தறிவின் வரலாறு நிறைவுறும்.